தலைப்பு ஏன் திரும்பியது என்று சொல்லுங்கள்

கேள்வி-பதில் தளங்களை நடத்துகிறவர்களுக்கும் அவற்றுக்கு நிரல் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

“தலைப்பு ஏற்கத்தக்கதாக இல்லை. திருத்தி மீண்டும் முயலவும்.” உங்கள் தளத்தில் கேள்விக்குத் தலைப்பு போட்டு அனுப்பினால், சில சமயம் சிவப்பு எழுத்தில் இவ்வளவுதான் வருகிறது. எதைத் திருத்துவது? நீளமா, ஏதாவது ஒரு சொல்லா, கேள்விக்குறி இரண்டு முறை விழுந்துவிட்டதா, இதே தலைப்பில் பழைய கேள்வி கிடக்கிறதா? எந்த விதியில் மாட்டியது என்பது உங்கள் நிரலுக்குத் தெரியும், தெரிந்துதான் திருப்புகிறது. கேட்க வந்தவரிடமும் அதைச் சொல்லுங்கள்.

தமிழில் கேட்பவர் பாடு இன்னும் மோசம். “மோட்டார் ஓடவில்லை” என்பது கண்ணுக்கு 9 எழுத்து, இடைவெளியோடு 10. கணினிகள் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் புள்ளியும் கொம்பும் காலும் தனிக் குறிகள். இணையப் பக்கங்களின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் இதை 17 என்று எண்ணும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் (சேமிப்பு அலகு), இடைவெளிக்கு 1, மொத்தம் 49. உச்சவரம்பு 150 என்று போட்டுவிட்டு உள்ளே பைட்டை எண்ணினால், ஏறத்தாழ 30 எழுத்திலேயே கதவு சாத்தப்படுகிறது. விரல்விட்டு எண்ணிப் பார்ப்பவருக்குத் தன் தப்பு என்னவென்று எப்படிப் புரியும்?

அவர் வெட்டத் தொடங்குகிறார். “கெபாசிட்டர் மாற்றியும் மோட்டார் ஓடவில்லை, உம்மென்ற சத்தம் மட்டும் வருகிறது” என்பதில் முதலில் போவது சத்தம், அடுத்தது கெபாசிட்டர். பதில் சொல்ல வேண்டியவருக்கு வேண்டிய இரண்டு தகவலும் அவைதான். கடைசியில் “மோட்டார் பிரச்சினை” என்று நிற்கும் தலைப்பை, தெளிவில்லை என்று நீங்களே மூடுகிறீர்கள். குறைந்தபட்ச நீளத்தில் மாட்டியவரோ முற்றுப்புள்ளிகளை வரிசையாகத் தட்டி நிரப்புகிறார். தரத்துக்காக வைத்த விதி தரத்தைக் கெடுப்பது இப்படித்தான்.

விதியைச் சொன்னால் விளம்பரக் குப்பை போடுகிறவன் தப்பிவிடுவான் என்பீர்கள். அவன் நிரல் வைத்து ஆயிரம் தடவை முயன்று விதியைக் கண்டுபிடித்துவிடுவான். மூன்றாம் தடவையோடு எழுந்து போவது உண்மையில் கேள்வி உள்ளவர்தான். குப்பை வடிகட்டியின் கணக்கு உங்களோடு இருக்கட்டும். நீளம், விலக்கிய சொல், குறியீடு, பழைய கேள்வி ஆகிய நான்கில் என்ன ரகசியம்? இணையதளங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக 2008-இல் வந்த வழிகாட்டு விதிகளான டபிள்யூசிஏஜி (WCAG) 2.0 இதைத்தான் கேட்கிறது: பிழை எது என்று எழுத்தில் சொல் (3.3.1), திருத்தும் வழி தெரிந்தால் அதையும் சொல் (3.3.3). பாதுகாப்புக்கோ உள்ளடக்கத்தின் நோக்கத்துக்கோ கேடு வருமானால் மட்டும் இரண்டாவதற்கு விலக்கு உண்டு.

தலைப்போடு இது நிற்பதுமில்லை. பெயரைத் தமிழில் கேட்கும் விண்ணப்பப் படிவங்கள் சிலவே “சிறப்புக் குறியீடு கூடாது” என்று மெய்யெழுத்தின் புள்ளியைத் தள்ளுகின்றன. யூனிகோட் வகைப்பாட்டில் புள்ளி எழுத்து அல்ல, எழுத்தோடு ஒட்டி நிற்கும் சேர்குறி. எழுத்துக்கு மட்டும் அனுமதி தந்து சேர்குறியை மறந்துவிட்டால் ‘கண்ணன்’கூட உள்ளே நுழைய முடியாது. தன் பெயரில் என்ன குற்றம் என்று ஒருவரைத் தவிக்கவிடுவது நியாயமா?

ஆகவே தயவுசெய்து, “12 எழுத்து கூடுதலாக உள்ளது”, “‘அவசரம்’ என்ற சொல்லை நீக்குங்கள்”, “இதே கேள்வி இங்கே உள்ளது” என்று காரணத்தைத் தலைப்புப் பெட்டிக்கு அடியிலேயே காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுங்கள், ஜாவாஸ்கிரிப்டிலேயே Intl.Segmenter என்ற கருவி அதற்கென்றே இருக்கிறது. தலைப்பைத் திருப்பும்போது கீழே அவர் தட்டி வைத்த கேள்வியை அழித்துவிடாதீர்கள். இவ்வளவும் முடியாதென்றால், மாட்டிய விதியின் பெயரையாவது இந்த வாரமே காட்டத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
தமிழில் கேள்வி கேட்பவர்களும் பதில் எழுதுபவர்களும்