தம்போராவின் கந்தகத் திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

எரிமலை என்றதும் தீக்குழம்பு வழியும் காட்சியே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் உலகையே பாதிப்பது அந்தக் குழம்பன்று, வானில் உயரும் கந்தக வாயு என்பதைப் பள்ளிப் பாடங்கள் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

1815ஆம் ஆண்டு ஏப்ரல் 5 அன்று இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை முழங்கியபோது, அதைப் பீரங்கிச் சத்தம் என்றெண்ணி, ஜாவாவின் யோக்யகர்த்தாவிலிருந்து படைப்பிரிவு ஒன்றையே அனுப்பினார்கள். 10ஆம் தேதி நிகழ்ந்த பெருவெடிப்பில், 4,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்த மலை ஏறத்தாழ 2,850 மீட்டராகக் குறைந்தது. வயல்களைச் சாம்பல் மூடியதால், தப்பிப் பிழைத்தவர்களிலும் பல்லாயிரம் பேர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தனர்.

மேகங்களுக்கும் மேலே உள்ள காற்றடுக்கான அடுக்கு மண்டலத்தை எட்டிய கந்தக டை ஆக்சைடு வாயு, நுண்ணிய அமிலத் துளிகளாக மாறிப் பரவி, சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பியதால், 1816 ஜூன் மாதத்தில், கோடைக்காலத்தில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் பனி பெய்தது. ஐரோப்பாவில் விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியது. சும்பாவா என்ற பெயரையே கேள்விப்படாத உழவர்கள், காரணம் அறியாமலே பசியில் வாடினார்கள் என்பதுதான் என் நெஞ்சை வாட்டுகிறது.

இன்று நமக்குக் காரணம் தெரியும். தானிய இருப்பைத் திட்டமிடும் அரசுகள், வறட்சியைப் போலவே இத்தகைய வெடிப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்