பாவம் வேறு, தண்டனை வேறு

ஆசிரியருக்கு,

தன்பாலீர்ப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், இதற்கு இஸ்லாத்தில் ஒரே தீர்ப்பு மரண தண்டனைதான் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அந்த வரி தப்பு.

தன்பாலுறவு பாவமா என்று கேட்டால், மார்க்கச் சட்டம் வகுத்த பழைய இமாம்கள் அத்தனை பேரும் ஆம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் என்ன தண்டனை என்று வரும்போது ஆரம்பம் முதலே ஆளுக்கொரு பேச்சு. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் நபி லூத் (அலை) அவர்களின் சமூகம் அழிந்த வரலாறு குர்ஆனில் பல இடங்களில் வருகிறது. திருட்டுக்குச் சொன்ன மாதிரி இதற்கு இன்ன தண்டனை என்று அளவு எங்கும் இல்லை. அதனால் இமாம் மாலிக் மரண தண்டனை என்றார். ஷாஃபி மத்ஹபில், அதாவது இமாம் ஷாஃபியின் சட்ட வழியில், விபச்சாரத்துக்கு உள்ள சட்டமே இதற்கும். இமாம் அபூ ஹனீஃபாவோ, இது விபச்சாரத்தில் சேராது, ஹத்து (மார்க்கம் அளவு வகுத்த தண்டனை) கிடையாது, காஜி (நீதிபதி) பார்த்துக் கண்டிக்கட்டும் என்று விட்டுவிட்டார். அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதுமே இதில் உஸ்தாதோடு ஒத்துப்போகவில்லை.

இது ஏதோ அரபு நாட்டு விவகாரம் இல்லை. நம் மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி, ராவுத்தர்களும் உருது பேசுகிறவர்களும் ஹனஃபி, அதாவது அபூ ஹனீஃபா வழி. இரண்டு பள்ளிவாசல் அருகருகே இருந்தால் அஸர் (மாலைத் தொழுகை) பாங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னே பின்னே கேட்கும். சுப்ஹு (அதிகாலை) தொழுகையில் ஒருவர் குனூத் என்ற பிரார்த்தனைக்குக் கையேந்துவார், பக்கத்தில் நிற்பவர் கையைத் தொங்கவிட்டு நிற்பார். யாரும் சண்டைக்குப் போவதில்லை. இதை மட்டும் பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) ஒரே குரலாக்கிப் பேசுவது ஏனோ!

அப்புறம், இக்கால ஆய்வாளர்களில் ஸ்காட் குகுல் போன்றவர்கள் லூத் கதையையே வேறு மாதிரி படிக்கிறார்கள். அந்த ஊரார் வழிமறித்தார்கள், சபையில் வைத்தே அக்கிரமம் செய்தார்கள் என்று குர்ஆன் 29:29 சொல்கிறது. வந்த விருந்தாளிகள் மேல் கைவைக்கப் பார்த்தார்கள். அந்தச் செயலில் இல்லாத லூத்தின் மனைவியும் அழிந்தார். ஆகவே குற்றம் பலாத்காரமும் நபியை மறுத்ததும்தான் என்பது அவர்கள் வாதம். 'பெண்களை விட்டு ஆண்களிடம்' என்று 7:81 நேராகச் சொல்வதை இது எப்படித் தாண்டுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் பேசவே கூடாத வாதம் இல்லை.

இருக்கட்டும். துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:12) சொல்கிறது. விபச்சாரத்துக்கே கண்ணால் பார்த்த நாலு சாட்சி வேண்டும். நாமோ மகனின் போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, தாயத்துக்கு ஒரு ஹஜ்ரத், மாத்திரைக்கு ஒரு டாக்டர் என்று இழுத்துக்கொண்டு அலைகிறோம். மருத்துவத்தால் இதை 'மாற்ற' முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனிலேயே தடை செய்துவிட்டது. மதுரையிலிருந்து வந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. தன்பாலுறவைக் குற்றமாக்கியிருந்த 377-ம் பிரிவோ வெள்ளைக்காரன் 1860-ல் கொண்டுவந்தது. அதை ஷரீஅத் மாதிரி தாங்கிப் பிடித்தவர்களும் நம்மில் இருந்தார்கள்.

அடுத்த முறை எழுதும்போது ஒரு ஹனஃபி ஆலிமையும் ஒரு ஷாஃபி ஆலிமையும் கேட்டு எழுதுங்கள். மண்ணடியில் இறங்கினால் இருவருமே நடந்துபோகிற தூரத்தில் கிடைப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்ணடி, சென்னை-1