மெஷினை ஓட்டலாம், பொட்டு வைக்கக் கூடாதா?

ஆசிரியருக்கு,

ஆயுத பூஜை வந்தால் எங்கள் பட்டறையில் ஒரு கூத்து நடக்கும். முதல் நாளே மெஷின்களை எல்லாம் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைப்பது, வாசலில் கோலம் போடுவது, பொரி கடலையைப் பொட்டலம் கட்டுவது என எல்லாம் பெண்கள் தலையில்தான். மறுநாள் பூஜை நேரத்தில் சூப்பர்வைசர் வந்து, "இன்னைக்கு முடியாதவங்க மாடிக்குப் போயிடுங்கம்மா" என்பார், அதுவும் இருபது ஆண்கள் நிற்கும்போது. யார் படியேறுகிறார்கள் என்று எல்லோரும் பார்ப்பார்கள். அதே மெஷினைத்தான் அதே நாட்களில் எட்டு மணி நேரம் ஓட்டி உற்பத்திக் கணக்குக் காட்டுகிறோம், அப்போது தீட்டு எங்கே போனதோ தெரியவில்லை.

சபரிமலை வழக்கில் 2018-இல் நீதிபதி சந்திரசூட், மாதவிடாயைச் சொல்லிப் பெண்களை ஒதுக்குவதும் ஒருவகைத் தீண்டாமைதான் என்று எழுதினார். அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதிதான் மாற்றுத் தீர்ப்பு எழுதினார் என்பதும் தெரியும். சரி, அது கோயில் வழக்கு. ஆனால் கோயில் பக்கமே 2023-இல் மூன்று பெண்கள் ஸ்ரீரங்கம் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் படிப்பை முடித்துவிட்டார்கள். பட்டறை என்ன, அதைவிட ஆசாரமான இடமா?

பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை, எனக்கும் சாமி உண்டு. வர விரும்புகிறவர்கள் வரட்டும், வராத வேற்று மதத்தவரையும் யாரும் முறைக்க வேண்டாம். அந்த மாடிப் பேச்சை மட்டும் இந்த வருஷம் எடுக்கக் கூடாது என்று முதலாளிகள் சூப்பர்வைசர்களிடம் சொல்லிவிட்டால் போதும்.

ஒரு வாசகி,
கோயம்புத்தூர்