கண்ணிவெடித் தடை உடன்படிக்கையின் உறுப்பு நாடுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பு நாடுகளின் அரசுகளுக்கும், ஆண்டுக் கூட்டங்களில் அவற்றின் சார்பில் அமரும் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

1997 செப்டம்பரில் ஓஸ்லோவில் எழுதி முடிக்கப்பட்டு, அதே ஆண்டு டிசம்பரில் ஒட்டாவாவில் கையெழுத்தான உடன்படிக்கையின் 20-ஆம் பிரிவு, விலக விரும்பும் நாடு அறிவிப்புக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்தால் போதும் என்கிறது. வெடியில் காலை இழந்து, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையின் செயற்கைக் காலையும் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். இந்த இரண்டு கணக்குகளும் தற்செயலாக ஒத்துப்போனவைதாம். ஆனாலும் 2025-இல் எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் அடுத்தடுத்து விலகல் அறிவிப்பைக் கொடுத்தபோது, பாதுகாப்பு வல்லுநர்களின் விவாதங்களைக் காட்டிலும் இந்த ஒற்றுமைதான் என் மனத்தை உறுத்தியது.

பத்து வயதில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். மிஞ்சிய காலுக்கு முதலில் மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுப்பார்கள். அந்த அச்சின் மேல் அடுப்பில் இளக்கிய பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி, காற்றை உறிஞ்சி ஒட்டவைத்தால், கால் உட்காரும் கிண்ணம் தயாராகும். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கப் பழகி, பள்ளிக்குப் போகத் தொடங்கிய சில மாதங்களில் கிண்ணம் இறுகும், தோல் சிவக்கும், புண்ணாகும். வெட்டுப்பட்ட எலும்பும் சும்மா இருப்பதில்லை. சதையை முந்திக்கொண்டு வளர்ந்து தோலைக் குத்துவதால் அதே காலில் மறுபடியும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவரும். வளர்ச்சி நிற்கும்வரை பதினைந்து கால்கள், பிறகு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒன்று எனக் கூட்டினால், ஐம்பது வயதைக் கடப்பதற்குள் அந்த ஒருவருக்கு இருபத்தைந்து கால்கள் வேண்டும். வெடித்தது ஒரு நொடியில். செலவு நாற்பது ஆண்டுக்கு.

இந்த நாற்பது ஆண்டுக் கணக்கை முதன்முதலாக ஓர் ஆயுதத் தடைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தவர்கள் நீங்கள்தான். பயன்படுத்தாதே, செய்யாதே, சேர்த்துவைக்காதே, கைமாற்றாதே என்று தடைகளை மட்டும் அடுக்குவதோடு அதுவரை இருந்த ஆயுத உடன்படிக்கைகள் நின்றுவிட்டன. ஒட்டாவா உடன்படிக்கையின் 6-ஆம் பிரிவுதான், இயன்ற நாடு ஒவ்வொன்றும் பாதிக்கப்பட்டவர்களின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அவர்கள் மீண்டும் இடம்பெறுவதற்கும் உதவ வேண்டும் என்று எழுதியது. 1992-இல் ஆறு தொண்டு அமைப்புகள் சேர்ந்து தொடங்கி, 1997-இல் தன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுடன் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்ட சர்வதேசக் கண்ணிவெடித் தடை இயக்கமும், வெடியில் கைகால் இழந்தும் மாநாட்டு மண்டபங்களின் வாசலில் வந்து நின்றவர்களும் விடாமல் வற்புறுத்தியதால் வந்த வரி அது. 2008-இல் டப்ளினில் உருவாகி 2010 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கொத்துக்குண்டு உடன்படிக்கை, அதாவது வானில் பிளந்து பல சிறுகுண்டுகளைச் சிதறும் குண்டுகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை, இன்னும் ஒரு படி மேலே போனது. உயிரிழந்தவர், காயமுற்றவர் ஆகியோரின் குடும்பங்களையும் சமூகங்களையும் அது பாதிக்கப்பட்டவர்கள் என்ற வரையறைக்குள் சேர்த்தது. கொத்துக்குண்டால் காலை இழந்தவருக்கும் வேறு காரணத்தால் காலை இழந்தவருக்கும் இடையே பாகுபாடு காட்டக்கூடாது என்றும் கட்டளையிட்டது.

நீங்கள் சாதித்ததைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஒட்டாவா உடன்படிக்கையின் கீழ் 5 கோடிக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகள் கிடங்குகளிலேயே அழிக்கப்பட்டன. மொசாம்பிக் 2015-இல் கண்ணிவெடியற்ற நாடானது. கொத்துக்குண்டு உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் தாங்கள் அறிவித்த கையிருப்பு முழுவதையும் 2023 டிசம்பருக்குள் அழித்து முடித்தன. ஆயுத ஒழிப்பு வரலாற்றில் இப்படிச் சொல்லிக்கொள்ளத்தக்க பக்கங்கள் அதிகம் இல்லை. இருந்தும் 2023-ஆம் ஆண்டில் மட்டும் கண்ணிவெடிகளாலும் போரில் மிஞ்சிய வெடிபொருள்களாலும் 5,757 பேர் இறந்தோ காயமுற்றோ இருக்கிறார்கள் என்று இத்தடைகளைக் கண்காணிக்கும் ஆண்டறிக்கை பதிவு செய்தது. அடையாளம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 84 பேர் பொதுமக்கள்.

விலகும் அரசுகளின் அச்சம் பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். உடன்படிக்கையில் சேராத ரஷ்யா உக்ரைனின் வயல்களில் எவ்வளவு வெடிகளை விதைத்திருக்கிறது என்பதை உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே ரஷ்யாவுடன் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நார்வே விலகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மேலும், இந்த உடன்படிக்கையின் முதல் பிரிவு ‘எந்தச் சூழ்நிலையிலும் ஒருபோதும்’ என்றுதான் தொடங்குகிறது. அமைதிக்காலத்தில் கண்ணிவெடி புதைக்க யாரும் துடிப்பதில்லை. போரை மனத்தில் வைத்துத்தான் அந்தச் சொற்கள் எழுதப்பட்டன. போரில் சிக்கியிருக்கும் நாடு விலகல் அறிவிப்புக் கொடுத்தாலும், போர் முடியும்வரை அது செல்லாது என்று 20-ஆம் பிரிவு சொல்வதும் அதனால்தான். 2025 ஜூலையில் உக்ரைன் உடன்படிக்கையை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அப்படி இடைநிறுத்த இடம்தரும் வரி எதுவும் உடன்படிக்கையில் இல்லை. தாக்கப்பட்ட நாட்டின் மேல் எனக்கு இருக்கும் பரிவு, இதைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணமாகாது.

நாங்கள் பொறுப்போடு புதைப்போம், வரைபடம் வைத்திருப்போம், வேலியிட்டு எச்சரிக்கைப் பலகை நடுவோம் என்ற வாக்குறுதி இப்போது மறுபடியும் கேட்கிறது. போஸ்னியாவில் 1995-இல் போர் முடிந்தது. 2014 மே மாதம் பெருவெள்ளமும் நிலச்சரிவும் வந்தபோது, பத்தொன்பது ஆண்டுகளாக மண்ணில் கிடந்த வெடிகளும் அவற்றைக் காட்டி நின்ற பலகைகளும் சேர்ந்தே அடித்துச் செல்லப்பட்டன. வரைபடம் அலுவலகத்தில் பத்திரமாக இருந்தாலும், அதில் குறித்த இடத்தில் வெடி இருக்க வேண்டுமே.

தமிழில் இந்த ஆயுதத்துக்குக் கண்ணிவெடி, மிதிவெடி என்று இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. கண்ணி என்பது வேடன் வைப்பது. வைத்தவன் விடிந்ததும் வந்து என்ன சிக்கியது என்று பார்ப்பான். பார்த்துவிட்டு எடுத்தும் போவான். இந்தக் கண்ணியை வைத்தவன் திரும்பி வருவதே இல்லை என்பதால், காலை வைப்பவரின் பக்கம் நின்று பேசும் மிதிவெடி என்ற சொல்லே எனக்கு நேர்மையாகப் படுகிறது.

கொத்துக்குண்டின் கதையோ வேறு வகை. மிதிக்கக்கூட வேண்டாம், பார்த்துக் கையில் எடுத்தாலே போதும். 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது அமெரிக்க விமானங்கள் 20 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டன. அவற்றிலிருந்து சிதறிய சிறுகுண்டுகள் சுமார் 27 கோடி. அவற்றில் மூன்றில் ஒரு பங்குவரை வெடிக்காமல் தங்கின என்பது மதிப்பீடு. டென்னிஸ் பந்தளவு உருண்டை, அதுவும் பிள்ளைகள் விளையாடும் மண்ணில். 2001-இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க விமானத்திலிருந்து போடப்பட்ட உணவுப் பொட்டலத்தின் உறையும் மஞ்சள், கொத்துக்குண்டிலிருந்து சிதறிய சிறுகுண்டும் மஞ்சள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று வானொலியில் எச்சரித்துவிட்டு, பிறகு பொட்டலத்தின் நிறத்தை மாற்ற முடிவுசெய்தார்கள். இந்த முடிவை எடுத்த கூட்டத்தில் யாராவது, குண்டைப் போடாமல் இருக்கலாமே என்று கேட்டிருப்பார்களா என்று நான் யோசித்ததுண்டு. அந்தக் கேள்விக்குச் சட்டப்படியான விடையாக எழுந்த கொத்துக்குண்டு உடன்படிக்கையிலிருந்து 2025 மார்ச்சில் லிதுவேனியா வெளியேறியது. அதில் சேர்ந்துவிட்டு விலகிய முதல் நாடு அதுதான்.

இனி, நான் எழுத வந்த காரியம். விலகலைப் பற்றிய விவாதம் முழுவதும் ஆயுதத்தைச் சுற்றியே நடக்கிறது; 6-ஆம் பிரிவு என்னவாகும் என்று கேட்பாரில்லை. வெளியேறும் நாடு, புதைக்கும் உரிமையைத் திரும்பப் பெறும் அதே நாளில், ஏற்கெனவே காலை இழந்தவர்களுக்கு உதவும் சட்டக் கடமையிலிருந்தும் விடுபடுகிறது. முன்னதைப் பற்றி உங்கள் நாடாளுமன்றங்கள் பல மணி நேரம் பேசின. பின்னதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுமாறு அந்த ஐந்து அரசுகளைக் கேட்கிறேன்: உறுப்பினராக இருந்த காலத்தில் அளித்துவந்த உதவியைக் குறைக்கமாட்டோம் என்று அறிவிப்பதற்கு எந்த எல்லைக் காவலும் தடையாக இருக்க முடியாது.

உடன்படிக்கையில் நிலைத்திருக்கும் 160-க்கும் மேற்பட்ட நாடுகளிடம் கேட்பது இதைவிடக் கடினமானது. கண்ணிவெடிப் பணிக்கு உலகம் ஒதுக்கும் பணத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனியே போவது மிகச் சிறிய பங்கு. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய ஒதுக்கீடு. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, பல நாடுகளில் வெடி அகற்றும் குழுக்கள் தாங்கள் தோண்டிக்கொண்டிருந்த வரிசையை அப்படியே விட்டு எழ நேர்ந்தது. உடன்படிக்கையில் சேராத ஒரு நாட்டின் பணத்தை இவ்வளவு நம்பியிருந்ததற்கு உறுப்பு நாடுகள் வெட்கப்படத்தான் வேண்டும். காபூலில் செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் செயற்கை உறுப்பு மையத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் அங்கே நோயாளிகளாக வந்தவர்கள். இத்தாலியரான இயன்முறை மருத்துவர் ஆல்பர்டோ கைரோ முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மையத்தில் உழைத்துக் கட்டிக்காத்த வழக்கம் அது. ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே.சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் 1968-இல் உருவாக்கிய ரப்பர் பாதம், வெறுங்காலோடு நடக்கவும் குந்தி உட்காரவும் சேற்றில் இறங்கவும் விடுவதால் ஆப்கானிஸ்தான், கம்போடியா வரை போனது. (அதை உலகுக்குத் தந்த இந்தியா இன்னும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேரவில்லை.) அறிவும் கைத்திறனும் இருக்கின்றன. அடுத்த ஆண்டும் மையம் திறந்திருக்குமா என்பதுதான் தெரியாமல் இருக்கிறது.

ஆகவே, ஓராண்டு ஒதுக்கீடுகளை விட்டுவிட்டு, குறைந்தது பத்தாண்டுக்கு உறுதிசெய்யப்பட்ட பொது நிதி ஒன்றை, செயற்கை உறுப்புகளுக்கும் மறுவாழ்வுக்கும் மட்டுமாக ஏற்படுத்துங்கள். விலகும் நாடும் அதில் பணம் செலுத்த வழி வைத்திருங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், வெளியேறிய நாடுகளைப் பார்வையாளர் வரிசையில் அமர அழைத்து, அதே மண்டபத்தில் ஊன்றுகோலைச் சாய்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் முன்னிலையில், இருபத்தைந்து கால்களில் எத்தனைக்குத் தங்கள் நாடு பொறுப்பேற்கிறது என்ற எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். உறுப்பு நாடுகளும் தங்கள் எண்ணைச் சொல்லுங்கள். கூட்டத்தின் அறிக்கையில் அந்த எண்களை நாடுவாரியாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பட்டியலைப் படிக்கக் காத்திருக்கும் ஒரு குடிமகன்