கல்வியாண்டு நிறைவும் ஏரிக்கரை முகாமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் தமிழ்ப் பள்ளியின் இந்தக் கல்வியாண்டும் நல்லபடியாக முடிந்தது. மழலை வகுப்புப் பிள்ளைகள் உயிரெழுத்து பன்னிரண்டையும் தடங்கலில்லாமல் எழுதுகிறார்கள். மேல் வகுப்புகளில் தேர்வு எழுதிய அனைவரும் தேறிவிட்டார்கள். பொங்கல் விழா, திருக்குறள் போட்டி, ஆண்டு விழா மூன்றும் சிறப்பாக நடந்தன. நாடகத்துக்கு உடை தைத்துக் கொடுத்தவர்களுக்கும், ஜனவரிப் பனியிலும் வகுப்பைத் தவறவிடாமல் பிள்ளைகளைக் கூட்டிவந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. மதிப்பெண் பட்டியல் அடுத்த வாரம் மின்னஞ்சலில் வந்துவிடும்.

அப்புறம், இம்மாதத் தொடக்கத்தில் விஸ்கான்சினின் டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்காவில் நடந்த நம் முகாமைப் பற்றி எழுத வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. சனிக்கிழமை காலை, மேற்குக் குன்றின் அடிவாரத்தில் ஏரியை ஒட்டிப் போகும் டம்பிள்ட் ராக்ஸ் பாதையில் எல்லோருமாக நடந்தோம். ஒரு மைல்தான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் குன்றிலிருந்து உருண்டு குவிந்த பாறைகள். 150 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய குவார்ட்சைட் பாறை அது. போன கோடையில் ஊருக்குப் போய்வந்த பையன் ஒருவன் அதைத் தடவிப் பார்த்து, "நாவல்பழம் தின்ன நாக்கு கலர்ல இருக்கு டீச்சர்" என்றான். வகுப்பில் ஒரு மாதம் நிறங்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்தாலும் இப்படி ஒரு வாக்கியம் வராது.

கடைசிப் பனியுகத்தில் பனியாறு வந்து இந்தப் பள்ளத்தாக்கின் இரண்டு வாயிலும் மண்ணையும் கல்லையும் கொட்டி அடைத்தது, நடுவில் தேங்கிய தண்ணீர்தான் இந்த ஏரி என்று சொன்னேன். நிலை 2 படிக்கும் பெண் ஒருத்தி, "அப்போ கரை கட்டினது யாரும் இல்லையா?" என்று கேட்டாள். ஏரி என்றால் அதற்கு யாராவது கரை கட்டியிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நம் ஊர் ஏரிகளுக்கு மனிதர்கள் கரை கட்டினார்கள், இதற்குப் பனி கட்டியது என்றேன். அதை அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பேத்தியோடு வந்திருந்த ஒரு பாட்டிக்கு மட்டும் இந்த இடத்தின் பெயர் பிடிக்கவில்லை. "பேய் ஏரிக்கா புள்ளைங்கள கூட்டிட்டு வர்றது?" என்று வெள்ளிக்கிழமை இரவே கேட்டுவிட்டார். இந்த மண்ணின் ஹோ-சங்க் மக்கள் வைத்த பெயருக்குப் புனித ஏரி என்றுதான் பொருள், பின்னால் வந்து குடியேறியவர்கள் வாயில்தான் அது இப்படி மாறியது என்று விளக்கினேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை முதல் ஆளாக ஏரிக்கரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாட்டியைப் பற்றிக் கீழே இன்னும் எழுதுகிறேன்.

இனி எழுதப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எந்தக் குடும்பத்தையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. யார் பிள்ளை என்றும் எழுதப்போவதில்லை. தெரிந்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து, தெற்குக் கரைப் புல்வெளியில் பிள்ளைகள் கிளித்தட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மாலைக்கான பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தோம். சிலர் கூடாரத்தில் தூங்கினார்கள், சிலர் ஐஸ் வாங்கப் பக்கத்து ஊரான பராபூவுக்குப் போயிருந்தார்கள். மூன்று மணி இருக்கும். பாட்டி என்னைக் கூப்பிட்டு, "அண்ணன் செருப்பப் போட்டுக்கிட்டு ஒரு சின்னப் புள்ள ஆடுச்சே, அத ரொம்ப நேரமா காணோம்" என்றார். கழிப்பறைக்குப் போயிருப்பான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. விசில் ஊதி எல்லோரையும் வரிசையில் நிறுத்தி எண்ணினோம். முகாமுக்குப் பதிவு செய்த பிள்ளைகள் 38. வரிசையில் நின்றது 35.

அடுத்த நாற்பது நிமிடத்தை நான் விரிவாக எழுதப்போவதில்லை. நான் முதலில் ஓடியது தண்ணீர்ப் பக்கம். இந்த ஏரியின் ஆழம் அதிகபட்சம் 47 அடி. கரையில் மணல் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, ஆனால் உயிர்காப்பாளர் கிடையாது. விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களின் ஏரிக்கரைகளில் அப்படி யாரையும் வைப்பதில்லை. தண்ணீரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது முழுக்கக் கூட வந்தவர்கள் பொறுப்பு. கிழக்குக் கரையோரம் ரயில் தண்டவாளம் போகிறது, அதில் சரக்கு ரயில் வரும் என்பதும் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. நம்மில் பாதிப் பேருடைய கைப்பேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கூடக் கேட்க முடியவில்லை.

மூவரும் பாலன்ஸ்டு ராக் பாதையில் இருந்தார்கள். கிழக்குக் குன்றின் மேலே செங்குத்தாக ஏறும் கல்படிப் பாதை அது. எதிரே இறங்கிவந்த வயதான தம்பதி, மேலே மூன்று பிள்ளைகள் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம் அம்மா ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஏறிப் போய்ப் பார்த்தபோது, பெரியவளுக்கு வயது 11, அவள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் இருவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னவனின் செருப்பு வார் அறுந்து ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் பாறை முடிந்துவிடுகிறது. தடுப்புக் கம்பியோ கைப்பிடிச் சுவரோ அங்கே இல்லை. ஏரியிலிருந்து அந்தக் குன்றுகள் ஏறத்தாழ 500 அடி உயரம். பலர் ஏறி ஏறி வழவழத்துப்போன குவார்ட்சைட்டில் நல்ல காலணி போட்ட பெரியவர்களுக்கே கால் வழுக்கும். வழி தெரியாவிட்டால் நகராமல் ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் கோடி நன்றி.

கீழே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்த பிறகு அவளிடம் கேட்டேன்: "யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போனீங்களா கண்ணு?"

"ஆன்ட்டிகிட்ட சொன்னோமே டீச்சர்."

"எந்த ஆன்ட்டி?"

அவளுக்குப் பெயர் தெரியவில்லை. பச்சை டீசர்ட் போட்ட ஆன்ட்டி என்றாள். அன்று நம் தன்னார்வலர்கள் எல்லோரும் பச்சை டீசர்ட்தான். பிறகு விசாரித்ததில், அந்த ஆன்ட்டிக்குப் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொன்னதாகத்தான் காதில் விழுந்திருக்கிறது. மூன்று பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பா, இன்னொரு பிள்ளையின் அம்மா பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்திருக்கிறார். அந்த அம்மா அடுப்பருகே நம் எல்லோருக்கும் சமைத்துக்கொண்டிருந்தார், தன் பிள்ளை அந்த அப்பாவோடு இருக்கிறான் என்ற நம்பிக்கையில். மூன்றாவது பிள்ளையின் பெற்றோர் இருவருமே அன்று பூங்காவில் இல்லை.

"கொஞ்சம் பார்த்துக்கோங்க." நாம் ஒரு நாளில் எத்தனை முறை இதைச் சொல்கிறோம்! கல்யாண வீட்டிலும் கோவில் திருவிழாவிலும் இதைச் சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக நகர்ந்திருக்கிறோம். நம்மை வளர்த்ததே அந்த வார்த்தைதான். எங்கள் தெருவில் நான் எந்தத் திண்ணையில் இருக்கிறேன் என்று என் அம்மாவுக்குத் தெரியாது, ஆனால் தெருவுக்குத் தெரியும். பூக்காரம்மாவுக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் நான் யார் பிள்ளை என்று தெரியும். அந்த நம்பிக்கையை நம் பிள்ளைகளும் அனுபவிக்க வேண்டும் என்றுதான் நானே இந்த முகாமைத் தொடங்கினேன். அதனால் அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் ஏரிக்கரை நம் தெரு அல்ல. அங்கே பிள்ளையைத் தெரிந்த பெட்டிக்கடை இல்லை. பொதுவாகக் காற்றில் சொல்லும் "பார்த்துக்கோங்க"வைக் கேட்டுக்கொள்ள அங்கே யாரும் இல்லை. ஒருவர் கண்ணைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நான் வரும்வரை இவன் உங்கள் பொறுப்பு" என்று சொல்லி, அவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் பிள்ளை கைமாறியதாகக் கணக்கு.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மாடிசனிலிருந்து பூங்கா ஒரு மணி நேரம்தான், பக்கம்தானே என்று நினைத்து, சனிக்கிழமை முழுவதும் ஒன்பது பிள்ளைகளை முகாமில் விட்டுவிட்டு அவர்களின் அப்பா, அம்மா இருவருமே வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். பதிவுப் படிவத்தில் பெற்றோர் ஒருவர் உடன் தங்குவார் என்று கையெழுத்துப் போட்டவர்களும் இதில் உண்டு. ஞாயிறு மதியம் 12 மணிக்கு முகாம் முடிந்தது. கடைசிப் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தபோது மணி 3:40. இரண்டு ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளையும் காரில் உட்காரவைத்துக்கொண்டு அதுவரை காத்திருந்தார்கள். நம் ஆசிரியர்கள் சம்பளம் வாங்காதவர்கள். வார நாளில் வேலை பார்த்துவிட்டு வார இறுதியை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள். அவர்களை நம்பிப் பிள்ளையை விடலாம், ஆனால் அவர்களிடம் கேட்காமல் விடக்கூடாது. இது மீண்டும் நடந்தால் நம் பள்ளி முகாமே நடத்தாது. நான் தலைமையாசிரியராக இருக்கும்வரை இதில் மாற்றம் இல்லை.

பள்ளியின் பக்கமும் தவறு இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பேற்கிறேன். 38 பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் என் பையில் இருந்தது, ஆனால் எந்த நேரத்தில் எந்தப் பிள்ளை யாரிடம் என்ற பட்டியல் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எண்ணியிருக்க வேண்டும், எண்ணவில்லை. அடுத்த முகாமில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவரின் பெயர் தாளில் எழுதப்பட்டிருக்கும், அவர் கையெழுத்தும் இருக்கும். அவர் சமைக்கப் போனாலும் தூங்கப் போனாலும் தாளில் பெயரை மாற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தண்ணீர்ப் பக்கம் நீச்சல் தெரிந்த இருவர் முறை போட்டு உட்காருவார்கள், அந்த நேரத்தில் கைப்பேசியைப் பையில் போட்டுவிட வேண்டும். பிள்ளைகள் கழுத்தில் விசில் தொங்கும். குன்றுப் பாதைகளுக்குச் செருப்போடு யாரும் வரக்கூடாது, பெரியவர்களும்தான். பெற்றோரில் ஒருவர் இரவும் பகலும் தங்க முடியாது என்றால் அந்த வருடம் பிள்ளையை அனுப்ப வேண்டாம். உறவினர் யாராவது வந்தால் போதும், தாத்தா பாட்டி வந்தால் இன்னும் நல்லது.

சில்லறை விஷயங்கள் இரண்டு. இரவில் சாம்பார் பாத்திரத்தை வெளியே வைத்துவிட்டுத் தூங்கியதால் ரக்கூன்கள் மூடியைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டன. சாப்பாடு எதுவானாலும் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். வீட்டுத் தோட்டத்து விறகைக் கொண்டுவராதீர்கள். மரத்தைக் கொல்லும் பூச்சி அதோடு பரவுகிறது என்பதால் பூங்காவுக்கு 10 மைல் சுற்றளவுக்குள் கிடைத்த விறகையோ சான்றிதழ் பெற்ற விறகையோதான் அனுமதிக்கிறார்கள்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இந்தப் பக்கத்தை இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். அந்த 35 பேர் வரிசை கண்ணில் வந்துகொண்டே இருப்பதால் அனுப்புகிறேன். உங்களில் பலர் அன்று என்ன செய்தீர்கள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. பாறைச் சரிவில் ஏறி இறங்கித் தேடியவர்கள், ரயில் பாதையோரம் ஓடியவர்கள், அழுதுகொண்டிருந்த அம்மாவின் தோளைப் பிடித்து உட்காரவைத்தவர்கள், மற்றப் பிள்ளைகள் பயப்படாமல் இருக்க வட்டமாக உட்காரவைத்துக் கதை சொன்ன நிலை 5 ஆசிரியை. அன்று மாலை யாரும் யாரையும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அந்த மூன்று குடும்பங்களும் அடுத்த நாளே என்னிடம் வந்து பேசினார்கள், அடுத்த முகாமின் பெயர்ப்பட்டியல் வேலையைத் தாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றும் சொன்னார்கள். இவர்களோடு சேர்ந்து பள்ளி நடத்துவது என் பாக்கியம்.

பாட்டி அடுத்த மாதம் ஊர் திரும்புகிறார். ஏன் அந்தப் பிள்ளையை மட்டும் கவனித்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "எல்லாரையுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், வேற என்ன வேலை எனக்கு" என்றார். ஜூன் கடைசி சனிக்கிழமை மாலை 5 மணிக்கு நூலகக் கூட்ட அறையில் முகாம் விதிகளைப் பேசி முடிவு செய்யக் கூடுகிறோம். அப்போது பாட்டிக்கு நம் பள்ளி சார்பில் ஒரு சேலை தரலாம் என்றிருக்கிறோம். வீட்டுக்கு ஒருவராவது கட்டாயம் வாருங்கள்.

முகாமில் விட்டுப்போன பொருட்களும் அன்று மேசை மேல் இருக்கும்: தூக்குச்சட்டி மூடி ஒன்று, நீல நிற நீச்சல் கண்ணாடி, இரண்டு போர்வை, வார் அறுந்த செருப்பு ஒன்று.

அன்புடன்,
தலைமையாசிரியர்