புரோக்கன் ஹில்லிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் நிற்காமல் ஓடியது. நடுவில் இரண்டு முறை எழுந்து போய் அதன் கதவில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன். பதினைந்து நாளாகப் பழகிய பயம் அவ்வளவு சீக்கிரம் போய்விடாது போலிருக்கிறது.

என்ன நடந்தது என்று நான் நீளமாக விவரிக்கத் தேவையில்லை. 2024 அக்டோபர் 17 அன்று அடித்த புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து, ஆஸ்திரேலியாவின் இந்த உள்நாட்டுச் சுரங்க ஊருக்கு ஒழுங்காகக் கரண்ட் இல்லாமல் போனது. மடங்கிக் கிடந்த அந்தக் கோபுரங்களின் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யார் மேல் தப்பு என்று விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். எனக்கு இப்போது நன்றி சொல்ல வேண்டும். மனசு ஆறிப்போவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி எங்கள் தாத்தாவுக்கு. சொந்தத் தாத்தா இல்லை. பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் இந்தக் கடிதத்தில் அவர் தாத்தாதான்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதல் ஆறு மாதம் எனக்கு ஊரே பிடிக்கவில்லை. சிட்னிக்கு 1,100 கிலோமீட்டருக்கு மேல், அடிலெய்டுக்கு 500 கிலோமீட்டர், நடுவில் செம்மண். நியூ சவுத் வேல்ஸில் இருந்துகொண்டு கடிகாரத்தை மட்டும் அடிலெய்டு நேரத்துக்கு வைத்திருக்கும் ஊர். தெருக்களுக்கெல்லாம் வேதியியல் புத்தகத்திலிருந்து பெயர்: ஆக்ஸைட், குளோரைட், சல்ஃபைட், கோபால்ட். கணவர் வேலைக்குப் போனதும் நாள் முழுக்க நானும் தகரக் கூரையும்தான். நூலகத்தில் பார்த்துப் பழகிய ஓர் அம்மாள்தான், 'சும்மா இருக்கிறாயா, வா' என்று மீல்ஸ் ஆன் வீல்ஸுக்குக் கூட்டிப்போனார். வீட்டை விட்டு வெளியே வர முடியாத முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. செவ்வாயும் வியாழனும் என் முறை. பதினொரு வீடுகள். அதில் ஏழாவது வீடு தாத்தாவுடையது.

வயது எண்பத்துநாலு. சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்றரை வருஷமாக அவர் என்னிடம் பேசியதை ஒரு கையில் எண்ணிவிடலாம். கம்பிவலைக் கதவைத் திறப்பார், 'மேஜையில் வை' என்பார், தொப்பியின் விளிம்பை ஒரு விரலால் தொடுவார். முடிந்தது. என்னைப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போகவே மணி ஒன்றாகிவிட்டது. சூடான சாப்பாடு கிடையாது, ரொட்டியும் பழமும்தான். ஏன் தாமதம் என்று கேட்டார். அவர் கேட்டது ஆச்சரியமாக இருந்ததால் நானும் கொட்டிவிட்டேன். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், பிரிக்காத ஊசிப்பேனாக்களை ஜெனரேட்டர் உள்ள ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் கொடுத்துவைத்திருக்கிறோம், தினமும் போடும் பேனாவை 25 டிகிரிக்குள் வைக்க வேண்டும், வீடு அடுப்பு மாதிரி கொதிக்கிறது, ஐஸ் கட்டியும் தீர்ந்துவிட்டது, கடை கடையாகத் தேடியும் கிடைக்கவில்லை. கேட்டுவிட்டு, 'சரி' என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். வாசலில் கீச்சுக் கீச்சென்று சத்தம். பார்த்தால் தாத்தா ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். என் வீடு எது என்று நாலு பேரிடம் விசாரித்து, இரண்டு தெரு தாண்டி வந்திருக்கிறார். ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது என்றுதான் அவருக்குச் சாப்பாடே வீட்டுக்குப் போகிறது.

வண்டியில் ஒரு பெட்டி. இடுப்பு உயரம், நாலு கால், நாலு பக்கமும் கம்பிவலை, பச்சைப் பெயிண்ட் முக்கால்வாசி உதிர்ந்திருந்தது. கதவுக்குக் கீல் இல்லை, அதற்குப் பதிலாகத் தோல் வார் ஒன்றை ஆணியடித்திருந்தார்கள். அவருடைய அம்மா வெண்ணெய் வைத்த பெட்டியாம். கூல்கார்டி சேஃப் என்று பெயர். 1890-களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்க வயல்களில், ஐஸும் மின்சாரமும் இல்லாத காலத்தில் பிறந்த பொருள்.

தாழ்வாரத்தில் காற்று வரும் மூலையைத் தேடிப் பிடித்து அதை நிறுத்தினார். மேலே ஒரு தகரத் தட்டு, அதில் தண்ணீர். பெட்டியைச் சுற்றிச் சாக்குத் துணி போர்த்தித் துணி கிளிப்பால் பிடித்துவைத்தார். பழைய ஃபிளானல் சட்டையிலிருந்து கிழித்த பட்டைகளைத் தட்டில் நனைத்து, மறு முனையைச் சாக்கின் மேல் தொங்கவிட்டார். தண்ணீர் பட்டை வழியாக மெதுவாக இறங்கிச் சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தது. காற்று பட்டு அது காயக் காய உள்ளே குளிர்ந்தது. கடைசியாக நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய நாலு டப்பாவுக்குள் தூக்கி வைத்தார்.

அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்தே வந்துவிட்டார். "எறும்பு ஏறாம இருக்க! நம்ம ஊர்ல பானைக்கு ஈரச்சாக்கு சுத்துவோமே, அதேதான்டி இது!" அம்மா விருதுநகர்க்காரர். தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் வெயிலுக்கும் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தாத்தா கையிலிருந்த குவளையை வாங்கி, சாக்கில் ஈரம் படாத ஓர் ஓரத்தைக் காட்டி, அங்கே தானே தண்ணீரைத் தெளித்தார். தாத்தா அம்மாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே வெப்பமானியை வைத்துப் பார்த்தோம். 22. நான் அழுதுவிட்டேன்.

அதற்கப்புறம் பகலில் இரண்டு மணிக்கொரு தரம் தட்டில் தண்ணீர் ஊற்றுவது அம்மா வேலை. தினமும் சாயங்காலம் தாத்தா வந்துவிடுவார். ஒரு வார்த்தை பொது மொழி இல்லாமல் இருவரும் அந்தப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள். கேம்பிங் அடுப்பில் அம்மா கிண்டிய உப்புமாவை அவர் தட்டு வழித்துச் சாப்பிட்டார். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்ததைத்தான் உதவி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவரிடம் உட்கார்ந்து ஒரு நாளாவது பேசியிருக்கிறேனா? அவர் கடைசியாக ஒருவருக்கு உபயோகமாக இருந்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறேனா?

அந்தச் சாயங்காலங்களில் அவர் நிறையப் பேசினார். 1919-ல் தொடங்கிப் பதினெட்டு மாதம் நடந்த சுரங்க வேலைநிறுத்தத்தில் அவருடைய தாத்தா இருந்தாராம். வாரத்துக்கு 35 மணி நேர வேலை என்று வாங்கிக்கொண்டுதான் திரும்ப இறங்கினார்கள். அந்தப் பதினெட்டு மாதமும் ஒரு வீட்டில் அடுப்பெரிந்தால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் எரிந்ததாம். ஊருக்கு நடுவே நீண்டு கிடக்கும் சுரங்கக் கழிவுமேட்டின் மேல் சுரங்கத்தில் உயிர்விட்டவர்களின் நினைவிடம் இருக்கிறது, 800-க்கும் மேற்பட்ட பெயர்கள். அதில் அவருடைய அண்ணன் பெயரும் உண்டு. நான் அங்கே போய்ப் படமெடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். பெயர்களைப் படித்ததில்லை.

மற்ற எல்லோருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அடிலெய்டிலிருந்து ஐஸ் பெட்டியும் அரிசியும் மெழுகுவர்த்தியும் ஏற்றிக்கொண்டு ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்த இரண்டு தமிழ்க் குடும்பங்களுக்கு. ஜெனரேட்டர் வீட்டு அக்காவுக்கு. கார்டு இயந்திரம் இயங்காத நாட்களில் 'அப்புறம் கொடு' என்று நோட்டில் எழுதிக்கொண்ட கடைக்காரருக்கு. ராத்திரி பதினொரு மணிக்கும் ஃபோனை எடுத்துப் பொறுமையாகப் பதில் சொன்ன செவிலியருக்கு. வீடு வீடாகக் கதவைத் தட்டி 'நலமா' என்று கேட்டுப்போன ஆரஞ்சு உடை எஸ்.இ.எஸ். (மாநில அவசரச் சேவை) தன்னார்வலர்களுக்கு, வெயிலில் கோபுரம் ஏறிய தொழிலாளர்களுக்கு, ஊரிலிருந்து ஃபோன் கிடைக்காமல் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்ட சித்திக்கு. யாரையாவது விட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள். மறக்கவில்லை, களைத்திருக்கிறேன்.

தீபாவளி வந்த வாரத்திலேயே நிரந்தரக் கரண்டும் வந்தது. தாழ்வாரத்தில் ஐந்தே ஐந்து அகல் ஏற்றினோம். தாத்தா முதல் தடவையாகக் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

எஸ்.இ.எஸ்.ஸில் சேர விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். கூரை ஏறவும் தார்ப்பாய் கட்டவும் சொல்லித்தருவார்களாம். எனக்கு உயரம் என்றால் பயம்தான். ஆனாலும் அடுத்த புயலில் கதவைத் தட்டிக் கேட்கிறவர்களில் நானும் ஒருத்தியாக இருப்பேன். செவ்வாய்க்கிழமைகளில் ஏழாவது வீட்டைக் கடைசி வீடாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவசரமில்லாமல் உட்கார்ந்துவிட்டு வர.

முந்தாநாள் பெட்டியைத் துடைத்து, அதே தள்ளுவண்டியில் வைத்துத் திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோனேன். தாத்தா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "கோடை இனிமேல்தான் வரப்போகிறது, உன் அம்மாவிடமே இருக்கட்டும்" என்றார். தள்ளிக்கொண்டு திரும்பினேன். அம்மா அதில் இப்போது தயிர் வைத்திருக்கிறார். சாக்கு ஒரு மூலையில் இற்றுப்போயிருக்கிறது, இந்த வாரம் புதிதாக ஒன்று தேடி வாங்க வேண்டும்.