முதல் ஏர்போட் வாங்குகிறவர்கள் குதிரைத்திறனைக் கடைசியில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழை இணையத்தில் தவறாமல் படிக்கும் டெக்சாஸ் வாசகர் நான், கார்பஸ் கிறிஸ்டி பக்கம் இருக்கிறேன். ஹூஸ்டன், சான் ஆன்டோனியோவிலிருந்து வார இறுதியில் தூண்டிலோடு இந்தக் கரைக்கு வரும் நம் ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதில் சிலர் இப்போது ஏர்போட் வாங்கும் யோசனையில் இருக்கிறார்கள். எடுத்தவுடன் கேட்பது, "எத்தனை ஹெச்.பி. எடுக்கலாம் அண்ணா?" என்பதுதான். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், உங்கள் அமெரிக்க வாசகர்களுக்காவது போய்ச் சேரட்டும்.

ஏர்போட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. தட்டையான அடியுள்ள படகு, அதன் பின்பக்கம் மேலே தூக்கி வைத்த கார் என்ஜின் அல்லது சின்ன விமானத்தின் என்ஜின், அதில் கம்பிக் கூண்டுக்குள் சுழலும் ஆள் உயரக் காத்தாடி. அது காற்றைப் பின்னால் தள்ள, படகு முன்னால் போகும். சுக்கான்கூடக் காத்தாடிக்குப் பின்னால் காற்றில்தான் நிற்கும். தண்ணீருக்கு அடியில் ஒன்றுமே கிடையாது என்பதால் சில அங்குலத் தண்ணீரிலும் ஈரச் சேற்றின் மேலும் ஓடும். பிரேக் கிடையாது, பெரும்பாலானவற்றில் ரிவர்ஸும் கிடையாது.

இந்தக் கரையில் அதற்கு ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. இங்கே இருக்கும் லகூனா மாத்ரே என்ற நீளமான உப்பங்கழியின் சராசரி ஆழம் மூன்றடி சொச்சம்தான். அலை ஏற்றவற்றம் மிகக் குறைவு, தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் காற்றைப் பொறுத்தது. குளிர்காலத்தில் வாடை வீசினால் குடாவின் தண்ணீரையே தள்ளிக்கொண்டு போய்விடும், காலையில் மிதந்த படகு மாலையில் தரை தட்டி நிற்கும். நாம் தேடும் ரெட்ஃபிஷ் (நம் ஊர்க் கத்தாளைக்குச் சொந்தக்கார மீன்) முழங்காலுக்கும் கீழான தண்ணீரில் வாலை வெளியே நீட்டியபடி நண்டு மேயும். அங்கே அவுட்போர்டு மோட்டாரோடு (படகின் பின்னால் மாட்டித் தண்ணீருக்குள் இறங்கும் மோட்டார்) போனால் அதன் காத்தாடி கடற்புல்லை வேரோடு பிடுங்கிவிடும். ரெட்ஃபிஷ் பே பகுதியில் 2006-லும் மாநிலம் முழுக்க 2013-லும் அப்படிக் கடற்புல்லைப் பிடுங்குவதைத் தடை செய்துவிட்டார்கள். ஏர்போட்டில் அந்தத் தொல்லை இல்லை.

சரி, எதை வாங்குவது? விற்பனை விளம்பரங்களில் மலிவாகத் தெரிவதில் பல, புளோரிடாவின் நன்னீர்ச் சதுப்பில் ஓடிய படகுகள். நீளம் குறைவு, எடை குறைவு, பக்கச் சுவர் தாழ்வு, மேலே விமான என்ஜின். அங்கே கோரைப்புல்லுக்குள் புகுந்து வர அது அருமையான படகு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இங்கே ஒரு சேற்றுத் திட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுவில் திறந்த தண்ணீரைக் கடந்தாக வேண்டும். பெரிய பார்ஜுகள் (சரக்கு ஏற்றும் தட்டைப் படகுகள்) போகும் இன்ட்ராகோஸ்டல் கால்வாய் குறுக்கே கிடக்கிறது, மதியத்துக்கு மேல் தென்கிழக்குக் காற்று எழும்பினால் குடா முழுக்க நெருக்கமான சிற்றலை. ஏர்போட்டில் என்ஜின் உயரத்தில், ஓட்டுகிறவர் அதைவிட உயரத்தில், பாரமெல்லாம் மேலேதான். தாழ்ந்த சுவரோடு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பினால் கவிழலாம். வேகமாகப் போய்க்கொண்டே த்ராட்டிலை (காரின் ஆக்ஸிலரேட்டர் மாதிரி) சட்டென்று விட்டால் பின்னால் துரத்தி வரும் சொந்த அலையே படகுக்குள் ஏறிவிடும். அப்படி மூழ்கிய படகில் 500 குதிரைத்திறன் இருந்தும் ஒரு பயனும் இல்லை.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது படகின் உடம்பு. மூன்று பேர், ஐஸ் பெட்டி, நிறைய பெட்ரோல் என்று போகிறவர்களுக்கு 18 அடி நீளம், 8 அடி அகலம், நல்ல உயரமான பக்கச் சுவர் என்பதுதான் என் கணக்கு. தளத்துக்கு அடியில் மிதவை ஃபோம் இருக்கிறதா, தண்ணீர் வெளியேற்றும் பம்ப் ஒன்றா இரண்டா, அவை ஓடுகின்றனவா என்று கேளுங்கள். இதற்கப்புறம்தான் என்ஜின். அவ்வளவு எடையைக் காய்ந்த சேற்றிலிருந்து கிளப்பும் உந்துவிசை தேவை என்பதால் குதிரைத்திறன் வேண்டியதுதான், ஆனால் படகைப் பார்த்து என்ஜினைத் தேர்ந்தெடுக்க வேண்டும், என்ஜினுக்காகப் படகை அல்ல.

என்ஜினில் இரண்டு வழி. விமான என்ஜின் எடை குறைவு, காற்றாலேயே குளிரும், காத்தாடியை நேராக அதன் தண்டிலேயே மாட்டிவிடலாம். ஆனால் உதிரிபாகம் விலை அதிகம், வேலை தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். கார் வி-8 என்ஜின் கனமானது, வேகமாகச் சுழல்வது. அந்த வேகத்தில் பெரிய காத்தாடியைச் சுற்றினால் இறக்கை நுனி ஒலியின் வேகத்தைத் தொட்டு, சத்தம் கூடி உந்துவிசை குறைந்துவிடும். ஆகவே நடுவில் கியர்பாக்ஸ் வைத்து ஏறக்குறைய பாதி வேகமாக்குகிறார்கள். முதல் படகுக்கு நான் கார் என்ஜினைத்தான் சொல்வேன். எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும், சாதாரண பெட்ரோல் பங்கிலேயே நிரப்பிக்கொள்ளலாம், பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளவும் முடியும்.

அடுத்தது உப்பு. கடல்நீர் என்ஜினுக்குள் ஓடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஏர்போட்டில் அப்படி இல்லை, கார் என்ஜினுக்குத் தன் ரேடியேட்டர் நீர்தான். கெடுதல் செய்வது தெறிக்கும் உப்புச் சாரல். லகூனா மாத்ரே கடலைவிடவும் உப்புக் கூடிய தண்ணீர், மழையும் ஆறும் குறைவு, வெயிலில் ஆவியாவது அதிகம். அந்தச் சாரலைக் காத்தாடி இழுத்து என்ஜின் முழுக்கப் பூசிவிடும். ரேடியேட்டர் தகடு, ஆல்டர்னேட்டர், வயர் முனைகள், எக்ஸாஸ்ட் போல்ட், த்ராட்டில் கேபிள் என்று எல்லாமே அரிக்கும். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் மாட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தால் அங்கே அலுமினியம் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பழைய படகு பார்க்கப் போகும்போது பளபளக்கும் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், டார்ச் அடித்து இந்த இடங்களைப் பாருங்கள். இறக்கையின் முன்விளிம்பை விரலால் தடவினால் உப்புத் தண்ணீரும் மணலும் அரித்தது தெரியும்.

படகின் அடியில் வழுக்குவதற்காகத் தடித்த பாலிமர் தகடு போல்ட் போட்டிருப்பார்கள். சேற்றில் அதுதான் உயிர். ஆனால் அலுமினியப் படகில் தகட்டுக்கும் அடிக்கும் நடுவில் உப்பு மணல் புகுந்து உட்கார்ந்துவிடும், வெளியே தெரியாமலே அடி ஓட்டையாகும். விற்பவர் கடைசியாக எப்போது தகட்டைக் கழற்றினார் என்று கேளுங்கள், பதில் இழுத்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஃபைபர் கிளாஸ் உடம்புக்கு அரிப்பு கிடையாது, ஆனால் இங்குள்ள சிப்பிப் பாறைகள் அதைக் கிழிக்கும். எனக்கு ஃபைபர்தான் பிடிக்கும், கிழிந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, நாமே ஒட்டிக்கொள்ளலாம். எதுவானாலும் கடலிலிருந்து ஏறிய அன்றைக்கே நன்னீரில் முழுக்கக் கழுவ வேண்டும். டிரெய்லரையும்தான், அதன் பிரேக்கும் பேரிங்கும் படகுக்கு முன்னாலேயே போய்விடும்.

சட்டம் கொஞ்சம். 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் டெக்சாஸில் இப்படிப்பட்ட படகை ஓட்டப் பாதுகாப்புப் படிப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ரெட்ஃபிஷ் 20 அங்குலத்துக்கும் 28 அங்குலத்துக்கும் நடுவில் இருந்தால், நாளுக்கு ஆளுக்கு மூன்று வைத்துக்கொள்ளலாம். முக்கியமாக, படகை வட்டமடித்து மீன்களை ஒரே இடத்தில் ஒதுக்கிப் பிடிப்பது குற்றம். ஏர்போட் வைத்திருப்பவர்கள் மேல் மற்ற மீன்பிடிப்பாளர்களுக்குக் கோபம் வர இதுவும் ஒரு காரணம், அந்தக் கோபம் நியாயமானது. தூரத்திலேயே என்ஜினை அணைத்து, நங்கூரம் போட்டு, மீன் அடங்கும்வரை பொறுத்து, இறங்கி நடந்து தூண்டில் போடுங்கள். திருக்கை மண்ணில் பதுங்கிக் கிடக்கும், அதற்கான பூட்ஸ் போட்டுக்கொண்டு காலைத் தூக்காமல் தேய்த்தே நடக்க வேண்டும்.

சத்தத்தையும் சொல்லாமல் முடியாது. படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும், குழந்தைக்கும் சேர்த்துத்தான், காதுக் கவசம் வாங்குங்கள். பக்கத்தில் அரான்சாஸ் சரணாலயத்துக்குக் குளிர்காலத்தில் வூப்பிங் கிரேன்கள் (அரிதான பெரிய வெள்ளைக் கொக்குகள்) வருகின்றன. 1941-ல் காட்டில் இருபத்தோரு பறவைதான் மிஞ்சியிருந்தது, இன்று இந்தக் கூட்டமே ஐந்நூறைத் தாண்டியிருக்கிறது. அவை மேயும் பக்கம் ஏர்போட்டைக் கொண்டுபோகவே வேண்டாம், மீனுக்கு வேறு இடம் உண்டு.

கடைசியாக, பணம் கொடுக்கும் முன் படகை ஓட்டிப் பார்க்க வேண்டும். காற்றில்லாத காலையில் வேண்டாம், காற்று எழும்பிய மதியத்தில், நீங்கள் வழக்கமாகக் கூட்டிப்போகும் ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு போங்கள். நடுச் சேற்றில் நிறுத்தச் சொல்லி, அங்கிருந்தே மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். கிளம்பாவிட்டாலோ, விற்பவர் அதற்கு மறுத்தாலோ, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட்டு அடுத்த படகைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கார்பஸ் கிறிஸ்டி, டெக்சாஸ்